கையெழுத்துக்கு அதிகாரம் இருந்ததா? வாஷிங்டன் மின் மாவட்டங்களும் 225 கோடி டாலர் பத்திரங்களும்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் உள்ள வாஷிங்டன் மாநிலத்தில், 1983 ஜூலையில், 225 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்கள் முறிந்தன; அதாவது வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போனது. அந்நாட்டு உள்ளாட்சிப் பத்திர வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய முறிவு நடந்ததில்லை. பத்திரங்களை வெளியிட்டது வாஷிங்டன் பொது மின் வழங்கல் அமைப்பு. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஊரார் ‘வூப்ஸ்’ என்று படித்தார்கள். தடுக்கி விழும்போது வாயில் வரும் சொல் அது. இந்த ஆய்விலும் அமைப்பை வூப்ஸ் என்றே குறிப்பிடுகிறேன். கேலிக்காக அல்ல, முழுப் பெயர் நீளம் என்பதால்.

நிறுவனங்களின் பெயர்கள் பொது ஆவணங்களில் உள்ளவை. தனிமனிதர்கள் யாரையும் பெயர் சொல்லவில்லை. அணு உலைக் கட்டுமானத்தில் நடந்த குளறுபடிகளைப் பலரும் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது பத்திரத்தை. வருவாயை நம்பி வெளியிடப்படும் பத்திரம் எதன் மேல் நிற்கிறது, எந்த இடத்தில் முறிந்தது என்பதுதான் கேள்வி.

பின்னணி: மாவட்டமும் அதன் கடனும்

1930 நவம்பரில் வாஷிங்டன் வாக்காளர்கள் ஒரு சட்ட முன்மொழிவை ஏற்றார்கள். தனியார் மின் நிறுவனங்கள் நகர எல்லையோடு நின்றுவிட, பண்ணை வீடுகளுக்குக் கம்பி வராத காலம் அது. கிரேஞ்ச் என்ற விவசாயிகள் சங்கம் முன்னின்று கொண்டுவந்த அந்தச் சட்டம், ஒரு பகுதி மக்கள் வாக்களித்துத் தங்களுக்கென்று மின்சாரம், தண்ணீர் வழங்கும் அமைப்பை ஏற்படுத்திக்கொள்ள வழி செய்தது. அதுதான் பொதுப் பயன்பாட்டு மாவட்டம். அங்கே புழங்கும் பெயர் பி.யூ.டி. பெரும்பாலும் ஒரு கவுண்டியின், அதாவது மாநிலத்தின் உட்பிரிவு ஒன்றின், எல்லைதான் அதன் எல்லை. வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் கமிஷனர்கள், பெரும்பாலும் மூவர், அதை நடத்துகிறார்கள். அதற்குப் பங்குதாரர் கிடையாது. லாபம் எடுத்துப் போவாரும் கிடையாது.

பங்குதாரர் இல்லை என்றால் முதலும் இல்லை. துணை மின் நிலையம் கட்டவோ, அணை கட்டவோ, கம்பி இழுக்கவோ பணம் கடனாகத்தான் வர வேண்டும். சொத்து வரியை ஈடாக வைத்து வாங்கும் பொதுக் கடனுக்குச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்புக்குள் ஓர் அணையைக் கட்டி முடிக்க முடியாது. எனவே வருவாய்ப் பத்திரம். இதில் ஈடு வரி அல்ல, கட்டிடமும் அல்ல. மின் கட்டணமாக வசூலாகும் பணம் மட்டுமே ஈடு. கடன் நின்றுபோனால் பத்திரதாரர் அணையை ஜப்தி செய்ய முடியாது; வரி போட்டுத் தாருங்கள் என்று கேட்கவும் முடியாது.

அதற்கு மாற்றாக அவருக்குக் கிடைப்பவை சில வாக்குறுதிகள். முதலாவதும் முக்கியமானதும் கட்டண உறுதி: செலவும் தவணையும் போக ஒரு மிச்சம் நிற்கும் அளவுக்குக் கட்டணத்தை மாவட்டம் எப்போதும் வைத்திருக்க வேண்டும். தவணைக்கு ஒன்றே கால் மடங்கு வருவாய் என்பது இத்துறையில் வழக்கமான அளவு. அடுத்து, சுமார் ஓராண்டுத் தவணையை எடுக்காமல் வைத்திருக்கும் காப்பு நிதி. பிறகு பணம் ஓடும் வரிசை: வசூலில் முதலில் இயக்கச் செலவு, அப்புறம் வட்டியும் அசலும், அப்புறம் காப்பு நிதி, மீந்தது மற்றவற்றுக்கு. வட்டிக்குக் கூட்டாட்சி வருமான வரி இல்லை என்பதால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கே சம்மதிப்பார்.

ஒரே மாவட்டம் தன் சொந்த ஊருக்குக் கம்பி இழுக்கும்போது இந்த ஏற்பாடு எளிது. கட்டணம் கட்டுகிறவர், கமிஷனருக்கு வாக்களிக்கிறவர், வெளிச்சம் பெறுகிறவர் மூவரும் ஒருவரே. பல மாவட்டங்கள் கூடிப் பெரிய நிலையம் ஒன்றைக் கட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கூட்டமைப்புக்குச் சொந்தமாக ஒரு வீடுகூட வாடிக்கையாளர் இல்லை. அதன் ஒரே வருமானம், உறுப்பினர்கள் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம். அப்படியானால் பத்திரதாரரின் ஈடு அந்தக் காகிதம்தான்.

1957 முதல் 1972 வரை: அணைகள் தந்த நம்பிக்கை

வூப்ஸ் 1957 ஜனவரியில் 17 மாவட்டங்கள் சேர்ந்து தொடங்கியது. பின்னர் சியாட்டில், டகோமா, ரிச்லாண்ட், எலன்ஸ்பர்க் ஆகிய நகரங்களும் சேர்ந்து, உறுப்பினர் எண்ணிக்கை 19 மாவட்டங்கள், 4 நகரங்கள் என்றானது. முதல் வேலை பேக்வுட் ஏரி நீர்மின் நிலையம். 27.5 மெகாவாட், 1964இல் முடிந்தது. அடுத்து ஹான்ஃபோர்டில் அரசின் அணு உலை வெளியேற்றிய நீராவியைக் கொண்டு இயங்கும் 860 மெகாவாட் நிலையம், 1966இல்.

அதே காலத்தில் தனித்தனி மாவட்டங்கள் கொலம்பியா ஆற்றில் பெரிய அணைகளையே கட்டின. கிராண்ட் மாவட்டத்தின் பிரீஸ்ட் ராப்பிட்ஸ், செலான் மாவட்டத்தின் ராக்கி ரீச், டக்ளஸ் மாவட்டத்தின் வெல்ஸ் எல்லாம் வருவாய்ப் பத்திரத்தில் எழுந்தவைதான். மின்சாரத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளப் பெரிய மின் நிறுவனங்களோடு நீண்டகால ஒப்பந்தம் போட்டு, அதைக் காட்டிக் கடன் வாங்கினார்கள். அணைகள் ஓடின, தவணை தவறவில்லை. பொது மின் அமைப்பின் பத்திரம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்ற பெயர் வந்தது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மலையிலிருந்து தண்ணீர் இறங்கும் ஆற்றில் சம்பாதித்த நற்பெயரை, முற்றிலும் வேறு வகையான இடர் உள்ள அணு உலைக்குச் செலவழித்தார்கள்.

1960களின் இறுதியில் நல்ல அணை இடங்கள் தீர்ந்துவந்தன. மின் தேவை பத்தாண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பது அன்றைய மின் துறையினருக்கு வேதவாக்கு. அப்பகுதியின் மொத்த விற்பனையாளர் பானவில் மின் நிர்வாகம். கூட்டாட்சி அரசின் அமைப்பு. அதன் ஆதரவோடு வூப்ஸ் 1, 2, 3 என்ற மூன்று அணு நிலையங்களைத் தொடங்கியது. ஒன்றும் இரண்டும் ஹான்ஃபோர்டில், மூன்றாவது மாநிலத்தின் மேற்கில் சாட்சாப் என்னும் இடத்தில்.

இந்த மூன்றுக்கும் இருந்த ஏற்பாட்டுக்குப் பெயர் நிகரக் கழிப்பு. மாவட்டம் தன் பங்குப் பணத்தை வூப்ஸுக்குக் கட்டும். அதே தொகையைப் பானவில் தனக்கு அந்த மாவட்டம் தர வேண்டிய மின்கட்டணத்தில் கழித்துக்கொள்ளும். காகிதத்தில் மாவட்டம் கடன்காரர். நடைமுறையில் பானவில்தான் தாங்கிக்கொள்கிறது. பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தர மதிப்பீடு கிடைத்ததன் காரணம் இதுவே. 1972இல் வருமான வரித்துறை விதி மாறி, இப்படிப்பட்ட புதிய பத்திரங்களுக்கு வரிவிலக்கு இல்லை என்றானது. பானவில்லின் தோளும் போய்விட்டது.

1976: பற்றாக்குறை அறிவிப்பும் 88 கையெழுத்துகளும்

1976 ஜூனில் பானவில் ஓர் அறிவிப்பு அனுப்பியது. 1983 ஜூலைக்குப் பிறகு உங்கள் தேவை வளர்ச்சிக்கு என்னால் உறுதி தர முடியாது என்பது அதன் சாரம். சிறிய மாவட்டத்தின் கமிஷனர் ஒருவர் அந்தக் கடிதத்தை எப்படிப் படித்திருப்பார்? ஏழு வருடத்தில் ஊர் இருண்டுவிடும். அணு நிலையம் கட்டப் பத்து வருடம் ஆகும். இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் பழி நம் தலையில் விழும். அந்த அச்சத்தை முட்டாள்தனம் என்று இன்று உட்கார்ந்துகொண்டு சொல்வது எளிது.

வூப்ஸ் முன்வைத்த தீர்வு 4, 5 என்ற இரட்டை நிலையங்கள். நான்காவது ஹான்ஃபோர்டில் முதலாவதின் இரட்டை. ஐந்தாவது சாட்சாப்பில் மூன்றாவதின் இரட்டை. ஒரே வரைபடம், ஒரே தளம், ஆகவே செலவு மிச்சம் என்றார்கள். ஜூலையில் 88 அமைப்புகள் பங்கேற்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வாஷிங்டனின் மாவட்டங்களும் நகரங்களும் மட்டுமல்ல; ஆரிகன், ஐடஹோ போன்ற மாநிலங்களின் நகராட்சிகளும் கிராம மின் கூட்டுறவுச் சங்கங்களும் இருந்தன. பலருக்கு வூப்ஸ் இயக்குநர் குழுவில் இடமே இல்லை.

ஒப்பந்தத்தின் இதயம் ஒரே பிரிவு. நிலையம் கட்டி முடிந்தாலும் முடியாவிட்டாலும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், இடையில் நின்றாலும் கைவிடப்பட்டாலும் பங்குக்கு உரிய பணத்தைக் கட்ட வேண்டும். பத்திர வட்டாரத்தில் இதை ‘நரகமோ வெள்ளமோ’ ஒப்பந்தம் என்பார்கள். அதோடு, பங்காளி ஒருவர் தவறினால் மற்றவர்களின் பங்கு 25 விழுக்காடு வரை உயரலாம். நம் ஊரில் ஜாமீன் கையெழுத்து என்று சொல்வதன் சாயல் இதில் உண்டு. ஆனால் ஜாமீன் போடுகிறவனுக்குக் கடன் வாங்குகிறவனையாவது தெரிந்திருக்கும். இந்தக் கட்டணம் ஒவ்வொரு மாவட்டத்தின் இயக்கச் செலவாகவும் கருதப்பட்டது. அதாவது வசூலிலிருந்து மாவட்டத்தின் சொந்தப் பத்திரத் தவணைக்கும் முன்னால் போக வேண்டிய பணம்.

அவர்கள் வாங்கியதாக ஒப்பந்தம் சொன்ன பொருள் மின்சாரம் அல்ல. ‘திட்டத் திறன்’ என்பது அதில் உள்ள சொல். திட்டம் எவ்வளவு உற்பத்தி செய்ய வல்லதோ அதில் ஒரு பங்கு. அந்த அளவு பூஜ்யமாகவும் இருக்கலாம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கு முழுவதும் இந்தச் சொல்லைச் சுற்றியே சுழன்றது.

அதே ஜூலையில் சியாட்டில் நகர மன்றம் விலகிக்கொண்டது. நகர மின் துறை 10 விழுக்காடு பங்கு எடுக்க விரும்பியது. ஆனால் மன்றம் தேவையை மறுபடி கணக்கிடச் சொல்லி ‘எனர்ஜி 1990’ என்ற ஆய்வைச் செய்ய வைத்தது. மின்சாரத்தைச் சேமிப்பது புதிதாய் உற்பத்தி செய்வதைவிட மலிவு, விலை உயர உயர மக்கள் பயன்பாட்டைக் குறைப்பார்கள் என்று அது சொன்னது. மற்ற மாவட்டங்கள் தேவையைக் கணிக்கப் பழைய கோட்டை நேராக நீட்டினார்கள். விலையையே கேள்வியாகக் கேட்டது சியாட்டில். அதன் கையில் ஆய்வுக்குச் செலவழிக்கப் பணமும் ஆளும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சில ஆயிரம் மீட்டர்கள் உள்ள கிராமச் சங்கத்துக்கு அந்த வசதி ஏது?

1977 முதல் 1981 வரை: தெரிந்த அறிகுறிகள்

1977 முதல் 1981 மார்ச் வரை 4, 5 நிலையங்களுக்கான பத்திரங்கள் பல தொகுதிகளாக விற்றன. தர மதிப்பீட்டு நிறுவனங்களில் மூடிஸ் ஏ1 என்றும் ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் ஏ பிளஸ் என்றும் மதிப்பிட்டன; இரண்டும் நல்ல தரங்கள். குறைந்தபட்ச அலகு 5,000 டாலர். ஓய்வுபெற்றவர்கள், சிறு சேமிப்பாளர்கள், பரஸ்பர நிதிகள் என்று பலரும் வாங்கினார்கள். பத்திரத்தின் ஓரத்தில் உள்ள கூப்பனைக் கத்தரித்து வங்கியில் கொடுத்தால் வட்டி கைக்கு வரும், வரி கிடையாது.

கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் நிலையத்திலிருந்து ஒரு டாலரும் வராது. ஆனால் வட்டி ஆறு மாதத்துக்கு ஒருமுறை போயாக வேண்டும். அதைப் புதிய பத்திரம் விற்ற பணத்திலிருந்தே கட்டினார்கள். கட்டுமானக் கால வட்டியை முதலோடு சேர்ப்பது எல்லாப் பெரிய திட்டங்களிலும் உள்ள வழக்கம், தவறில்லை. வேலை நீள நீளத்தான் அது வட்டிக்கு வாங்கி வட்டி கட்டும் கதையாகிறது. இன்னொரு விளைவும் இருந்தது, அதைக் குறைவாகவே பேசுகிறார்கள். மாவட்டத்து மக்களின் மின்கட்டணத்தில் இந்தக் கடன் ஒரு காசுகூட இந்த ஆண்டுகளில் ஏறவில்லை. ரசீதில் வராத கடனைப் பற்றி யார் கமிஷனர் கூட்டத்துக்கு வந்து கேள்வி கேட்பார்கள்?

செலவு மதிப்பீடு ஆண்டுதோறும் ஏறியது. ஐந்து நிலையங்களுக்கும் சேர்த்துத் தொடக்கத்தில் சுமார் 410 கோடி டாலர் என்றிருந்தது. ஒரே தளத்தில் பல பத்து ஒப்பந்தக்காரர்கள் வேலை செய்தார்கள். ஒருவர் முடிக்க வேண்டியதற்கு மற்றவர் காத்திருந்தார். வரைபடம் முடியும் முன்பே கான்கிரீட் ஊற்றினார்கள். 1979 மார்ச்சில் திரீ மைல் தீவு அணு உலை விபத்து நடந்தபின் பாதுகாப்பு விதிகள் இறுகின. 1980இல் நீண்ட வேலைநிறுத்தம். பணவீக்கத்தை அடக்க அமெரிக்க மத்திய வங்கி வட்டியைத் தூக்க, பத்திர வட்டி இரட்டை இலக்கத்துக்குப் போனது. 1981 ஜனவரியில் மாநில செனட் குழு விசாரித்து, செலவு மீறலுக்கும் தாமதத்துக்கும் முதன்மைக் காரணம் வூப்ஸின் நிர்வாகக் கோளாறே என்று முடிவுசெய்தது.

இவ்வளவு தெரிந்தும் பத்திரம் ஏன் விற்றது? விற்றுக் கொடுத்த நிறுவனங்களுக்குத் தரகு உண்டு என்பது ஒரு விடை. அதைவிட வலுவான விடை, எல்லோரும் அந்த ஒரு பிரிவைப் பார்த்தார்கள் என்பது. கட்டுமானம் எவ்வளவு கெட்டாலும் 88 பேரும் கட்டியாக வேண்டும் என்று எழுதியிருக்கிறதே, பிறகென்ன? தர நிறுவனம் வழக்கறிஞரின் சட்டக் கருத்துரையை நம்பியது. விற்பவர் தர நிறுவனத்தை நம்பினார், வாங்கியவர் இருவரையும். இந்தச் சங்கிலியில் ஒவ்வொருவரும் அடுத்தவர் சோதித்திருப்பார் என்றிருந்தார்கள். மாவட்டங்களுக்கு இப்படியொரு ஒப்பந்தம் போடச் சட்டப்படி அதிகாரம் உண்டா என்ற கேள்வியை, பத்திரம் விற்பதற்கு முன் மாநில உச்ச நீதிமன்றத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.

1981 மே முதல் 1982 ஜனவரி வரை: நிறுத்தும் முடிவு

புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் செலவைக் கீழிருந்து மறுபடி கணக்குப் பார்க்கச் சொன்னார். 1981 மே மாதம் விடை வந்தது: ஐந்துக்கும் சேர்த்துச் சுமார் 2,400 கோடி டாலர். தொடக்க மதிப்பீட்டைப்போல் ஆறு மடங்கு. 4, 5 வேலைகளை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தார். பத்திரச் சந்தை இனிமேல் அந்தத் தொகையைத் தராது என்பதை அவர் ஒப்புக்கொண்டது, இந்தக் கதையில் எடுத்த முடிவுகளில் மிக நேர்மையானது என்பது என் கருத்து. தாமதமாக வந்தது என்பதும் உண்மை.

அதே ஆண்டு நவம்பரில் மாநில வாக்காளர்கள் 394ஆம் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். பெரிய மின் திட்டங்களுக்கு இனி மக்கள் வாக்கு இல்லாமல் பத்திரம் விற்கக் கூடாது. (முன்பே தொடங்கிய நிலையங்களுக்கு இதைப் பொருத்துவது ஒப்பந்தத்தை மீறுவது என்று கூட்டாட்சி நீதிமன்றம் பின்னர் தடுத்துவிட்டது.) நிலையங்களைக் கைவிடாமல் மூடிப் பாதுகாத்து வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு எல்லோரும் இன்னும் கொஞ்சம் பணம் போட வேண்டும், சிலர் மறுத்தார்கள். 1982 ஜனவரி 22 அன்று 4, 5 இரண்டையும் கைவிட இயக்குநர் குழு தீர்மானித்தது. நான்காவதில் சுமார் கால்வாசி, ஐந்தாவதில் அதைவிடக் குறைவான வேலையே முடிந்திருந்தது.

ஒப்பந்தப்படி, கைவிட்டு ஓராண்டு கழிந்ததும் பங்காளிகள் தவணை கட்டத் தொடங்க வேண்டும். அசல் 225 கோடி; இறுதிவரை வட்டியோடு சேர்த்தால் சுமார் 700 கோடி டாலர். இப்போதுதான் கடன் ரசீதில் தெரிந்தது. ஏற்கெனவே 1, 2, 3 நிலையங்களின் சுமையால் பானவில் மொத்த விலையைச் சில ஆண்டுகளில் பல மடங்கு உயர்த்தியிருந்தது. மரத் தொழில் சரிந்து வேலையில்லாமல் கிடந்த ஊர்களில், ஒரு விளக்கையும் எரிக்கப்போகாத இரண்டு நிலையங்களுக்குப் பணம் கட்டு என்றால் என்ன நடக்கும்? கட்டணம் கட்டுவோர் சங்கங்கள் கிளம்பின. கமிஷனர் கூட்டங்கள் பள்ளிக்கூட அரங்குகளுக்கு மாறின. கையெழுத்துப் போட்ட கமிஷனர்கள் சிலர் தேர்தலில் தோற்றார்கள். கட்ட மாட்டோம் என்றவர்கள் வந்தார்கள். கட்டண உறுதி என்ற வாக்குறுதி, கமிஷனர் கட்டணத்தை உயர்த்துவார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்தக் கமிஷனரோ வாக்காளரின் தயவில் நிற்பவர்.

1983: நீதிமன்றம்

பத்திரதாரர்களின் டிரஸ்டியாக, அதாவது அவர்கள் சார்பில் செயல்படும் பொறுப்பாளராக, இருந்த நியூயார்க்கின் கெமிக்கல் வங்கி, ஒப்பந்தம் செல்லும் என்று அறிவிக்கக் கோரி வழக்குத் தொடர்ந்திருந்தது. 1983 ஜூன் 15 அன்று வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அம்மாநில மாவட்டங்களுக்கும் நகரங்களுக்கும் இந்த ஒப்பந்தம் போட அதிகாரமே இல்லை.

தர்க்கம் எளிமையானது, அதனாலேயே கடினமானது. மாவட்டம் என்பது சட்டம் தந்த அதிகாரத்தை மட்டும் உடைய அமைப்பு. மின்சாரம் வாங்க அதற்கு அதிகாரம் உண்டு; ஆனால் இங்கே வாங்கியது மின்சாரம் அல்ல, மின்சாரம் வந்தாலும் வராவிட்டாலும் பணம் தரும் கடமை. மின் நிலையத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளவும் அதிகாரம் உண்டு. ஆனால் இங்கே உரிமை வூப்ஸிடம், நிர்வாகமும் அதனிடம், பங்காளிகளின் குழுவுக்குச் சொல்லத்தக்க பிடிமானம் இல்லை. வாங்கியவரும் இல்லை, உரிமையாளரும் இல்லை என்றால் மீதியிருப்பது இன்னொருவர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது மட்டும்.

பத்திரத்துக்கு உயர்ந்த தர மதிப்பீட்டை வாங்கித் தந்த பிரிவும் அதைக் கவிழ்த்த பிரிவும் ஒன்றே. நிபந்தனை எவ்வளவு இறுக்கமாக இருந்ததோ, அவ்வளவுக்கு அது ‘வாங்குதல்’ என்ற சொல்லிலிருந்து விலகிப் போனது. முதலீட்டாளரின் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தபோது, அடைப்பதற்கே அதிகாரம் உண்டா என்று பார்க்கத் தவறினார்கள்.

ஜூலை 22 அன்று வூப்ஸ் தன்னால் கட்ட இயலாது என்று ஒப்புக்கொண்டது. சில நாட்களில் டிரஸ்டி வங்கி முழுக் கடனையும் உடனே கேட்டது. முறிவு அதிகாரபூர்வமானது. மற்ற மாநிலங்களில் தீர்ப்புகள் ஒத்துப்போகவில்லை. ஐடஹோ உச்ச நீதிமன்றம் தன் நகரங்களுக்கும் அதிகாரம் இல்லை என்றது. ஆரிகன் உச்ச நீதிமன்றம் உண்டு என்றது. பெரும்பங்கு வாஷிங்டன் அமைப்புகளிடம் இருந்ததால், அவை விலகியபின் மீதிப் பேர் மட்டும் தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை என்று 1984இல் வாஷிங்டன் நீதிமன்றம் அவர்களையும் விடுவித்தது.

பிறகு நடந்தவை

நாடு முழுவதும் பல்லாயிரம் பத்திரதாரர்கள் மோசடி வழக்குகளில் சேர்ந்தார்கள். விற்ற நிறுவனங்கள், வழக்கறிஞர்கள், பொறியியல் ஆலோசகர்கள், மாவட்டங்கள் எல்லோரும் பிரதிவாதிகள். 1988இல் மொத்தம் 75.3 கோடி டாலருக்குச் சமரசம் ஏற்பட்டது. போட்ட ஒவ்வொரு டாலருக்கும், எப்போது வாங்கினார் என்பதைப் பொறுத்து, ஒரு சிறு பகுதியே திரும்பியது. அம்பாக் நிறுவனத்திடம் காப்பீடு செய்யப்பட்டிருந்த சொற்பமான பத்திரங்களுக்கு மட்டும் பணம் தவறாமல் வந்தது. அதைப் பார்த்தபின் பத்திரக் காப்பீடு என்ற தொழிலே செழித்தது.

1, 2, 3 நிலையங்களின் பத்திரங்கள் முறியவில்லை. முதலாவதும் மூன்றாவதும் பாதியில் நிறுத்தப்பட்டபோதும், பானவில் நிகரக் கழிப்பின் வழியே பணம் வந்துகொண்டிருந்தது. 1985இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஒப்பந்தங்கள் செல்லும் என்றது. ஒரே அமைப்பு, ஒரே இயக்குநர் குழு, பக்கத்துப் பக்கத்தில் எழுந்த ஒரே வரைபட நிலையங்கள். ஒரு பத்திரம் பிழைத்தது, மற்றது செத்தது. வித்தியாசம் பின்னால் நின்று கையெழுத்துப் போட்டவர் யார் என்பதில் மட்டுமே.

பங்குச் சந்தை ஆணையம் விசாரணை அறிக்கை வெளியிட்டு, 1989இல் 15சி2-12 என்ற விதியைக் கொண்டுவந்தது. 10 லட்சம் டாலருக்கு மேற்பட்ட உள்ளாட்சிப் பத்திரத்தை விற்கும் நிறுவனம், விற்பனை விளக்க அறிக்கையை முன்கூட்டியே வாங்கிப் படித்துப் பார்த்திருக்க வேண்டும். 1994இல், பத்திரம் உயிரோடு இருக்கும் காலம் முழுவதும் ஆண்டுக் கணக்கை வெளியிடும் கடமையும் சேர்ந்தது. இன்று எந்த மின் மாவட்டத்தின் பத்திர அறிக்கையைத் திறந்தாலும் நீளும் பக்கங்களின் ஒரு வேர் இங்கே இருக்கிறது.

இரண்டாவது நிலையம் 1984இல் ஓடத் தொடங்கியது. கொலம்பியா நிலையம் என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது. வூப்ஸ் 1998இல் எனர்ஜி நார்த்வெஸ்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அந்தப் பழைய பெயரோடு யாருக்குத்தான் பத்திரம் விற்க முடியும்?

மாற வேண்டியிருந்தவை

முதலில் எடுத்திருக்க வேண்டிய நடவடிக்கை மலிவானது: ஒரே ஒரு மாவட்டத்தின் ஒப்பந்தத்தை வைத்து, பத்திரம் விற்கும் முன்பே ஒரு சோதனை வழக்கு. விடை ‘அதிகாரம் இல்லை’ என்று வந்திருந்தால் சட்டமன்றத்திடம் சென்று அதிகாரம் கேட்டிருக்கலாம், அல்லது பங்காளிகளுக்கு உண்மையான உரிமையைக் கொடுத்து ஒப்பந்தத்தை வேறு மாதிரி எழுதியிருக்கலாம். சில மாதத் தாமதம் ஆகியிருக்கும். 1976இன் அவசரத்தில் அதைச் செலவாகக் கருதினார்கள். இந்த வழக்கைப் படித்த எவரும், கூட்டுத் திட்டப் பத்திரம் ஒன்றைக் கையில் எடுத்தால், தர மதிப்பீட்டுப் பக்கத்துக்கு முன் சட்டக் கருத்துரைப் பக்கத்தைத் திறப்பார்கள். அதிலும் ‘உறுதி’ என்ற சொல்லை விட்டுவிட்டு, எதை ஆராயவில்லை என்று வழக்கறிஞர் எழுதியிருக்கும் வரியைத் தேடுவார்கள்.

கட்டுமானக் கால வட்டி முழுவதையும் கடனிலேயே போடுவதை நான் ஏற்க மாட்டேன். ஒரு சிறு பகுதியையாவது முதல் ஆண்டிலிருந்தே மின்கட்டணத்தில் ஏற்றியிருந்தால், 1982இல் அரங்கு நிறைந்த கூட்டம் 1978இலேயே நடந்திருக்கும். அப்போது 4, 5 ஒருவேளை தொடக்கத்திலேயே நின்றிருக்கும், அதுவும் நல்லதுதான். இதற்கு எதிர்வாதமும் உண்டு: வருங்காலத்தில் பயன்பெறப் போகிறவருக்காக இன்று இருப்பவர் ஏன் கட்ட வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இன்று இருப்பவரின் கமிஷனர்தான் கையெழுத்துப் போடுகிறார்.

பங்காளிகள் 88 பேரில் யாருக்கு வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இருந்தது என்று கேட்டால் தெளிவான விடை இல்லை. பணம் கட்டும் கடமை முழுவதும் ஒரு பக்கம், முடிவெடுக்கும் அதிகாரம் முழுவதும் இன்னொரு பக்கம். செலவு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பங்காளிகள் மறுவாக்கெடுப்பு நடத்தலாம் என்று ஒரு வரி இருந்திருந்தால் முதலீட்டாளருக்கு அது பிடித்திருக்காது. வட்டி சற்று ஏறியிருக்கும். ஆனால் அந்த வரி இருந்திருந்தால் நீதிபதிகள் பங்காளிகளை உரிமையாளர்கள் என்று கருத இடம் கிடைத்திருக்கும் என்பது என் ஊகம்.

தேவைக் கணிப்பைப் பொறுத்தவரை சியாட்டில் செய்ததை ஒவ்வொரு சிறு மாவட்டமும் தனியே செய்திருக்க முடியாது. 1980 டிசம்பரில் நிறைவேறிய வடமேற்கு மின் சட்டம் அந்த வேலையை ஒரு பொதுக் குழுவிடம் ஒப்படைத்தது. நான்கு மாநிலங்களுக்குமான அந்தக் குழு தேவையைக் கணிக்கிறது. புதிய நிலையத்துக்கு முன் மின் சேமிப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதன் விதி. 88 அமைப்புகளும் கையெழுத்துப் போட்டு நாலரை வருடம் கழித்து வந்த சட்டம் அது. அந்த இடைவெளியில்தான் பத்திரங்களில் பெரும்பகுதி விற்றது.